உபயம்: ஒரு கட்டுமரம்

அடையாறில் எனக்கு வாடகைக்கு வீடு கிடைத்தது என் நற்குணத்தால்தான் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். கேட்டில் தொங்கிய 'சைவம் மட்டும்' அட்டையையும், வீட்டுக்காரர் என் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே கோத்திரத்தைக் கேட்டதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தனத்தில், பொதுக் குளியலறை வாசலில் வாளியோடு நின்று வளர்ந்தவன் நான். மாடியில் தனிப் போர்ஷன், ஜன்னலைத் திறந்தால் புங்கமரம் என்றதும், கோத்திரம் என்ன, கேட்டிருந்தால் என் ஜாதகத்தோடு மாமனார் ஜாதகத்தையும் சேர்த்துக் கொடுத்திருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மாடியில் நானும் என் மனைவியும். பின்கட்டில் இன்னொரு குடித்தனம். அந்த வீட்டு மனிதர் ஏதோ ஒரு கம்பெனியில் கணக்கர். எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கத்துக்கு வீட்டுக்காரர்தான் தலைவர். பின்கட்டுக்காரர் பொருளாளர். நான் இணைச் செயலாளர். செயலாளர் என்றும் ஒருவர் இருந்தார். மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போனவர், பேரன் நடக்க ஆரம்பித்த பிறகும் திரும்பவில்லை. ஆக, சங்கத்தின் நிர்வாகக் குழு என்பது ஒரு வீட்டுக்காரரும் அவருடைய இரண்டு குடித்தனக்காரர்களும்தான். குழுவில் கருத்து வேறுபாடு வந்ததே கிடையாது. வந்தால் வீடு தேட வேண்டும்.

என் உடம்பில் ஒரு கோளாறு உண்டு. பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிறு கலக்கும். எனக்கு இரண்டும் நடந்து முடிந்த பிறகு வாயிலிருந்து ஒரு ஜோக் விழும். அது எங்கே விழும், யார் மேல் விழும் என்று எனக்கே தெரியாது. கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில்கூட ஒன்று விழுந்தது. மாமனார் இன்னும் மன்னிக்கவில்லை.

தலைவரைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நல்லதுதான் அதிகம். அந்த மனிதருக்கு மரம் என்றால் உயிர். தெருவில் எந்தப் புங்கமரம் எந்த வருஷத்துப் புயலில் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்வார். தண்ணீர்ப் பஞ்சம் வந்த கோடையில், லாரித் தண்ணீருக்கு நாங்கள் குடங்களோடு முட்டி மோதிக்கொண்டிருந்தபோது, அவர் குளித்த தண்ணீரைப் பிடித்து வைத்து, வாளியில் சுமந்துபோய்த் தெருக்கன்றுகளுக்கு ஊற்றினார். ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி, நான்கு முழ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் சோப்பு நுரையைத் தானே ஏந்திப் போகிற காட்சி. சிரித்தேன். ஆனால் மறுநாள் நானும் ஒரு வாளி எடுத்துக்கொண்டு போனேன்.

அவருக்கு இருந்த ஒரே துர்ப்பழக்கம் மூக்குப்பொடி. பல வருஷமாகப் போட்டுப் போட்டு மூக்கு முற்றிலும் ஓய்வு பெற்றுவிட்டது. காஸ் சிலிண்டர் கசிந்தாலும் பக்கத்து வீட்டிலிருந்து வந்து யாராவது சொன்னால்தான் தெரியும். இதன் பலனை அனுபவித்தவர் பின்கட்டுப் பொருளாளர். தலைவர் கோயிலுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், பின்பக்கக் கேட்டு வழியாக வஞ்சிரம் மீனோ சங்கரா மீனோ சத்தமில்லாமல் உள்ளே போகும். சற்று நேரத்தில் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வாசனை ஏறி வரும். ஒருநாள் மாடிப்படியில் மாட்டிக்கொண்ட பொருளாளர், "டாக்டர் சொல்லியிருக்கார் சார், கண்ணுக்கு நல்லதாம்" என்றார். அதிலிருந்து என் மனைவி, "ஏன்னா, பின்கட்டுல மருந்து கொதிக்கறது, ஜன்னலைச் சாத்துங்கோ" என்பாள்.

அந்த 'மருந்தை'க் கொண்டுவந்து கொடுத்தவர்தான் இந்தக் கதையின் நாயகி. முகத்துவாரத்துப் பக்கம் உள்ள குப்பத்திலிருந்து தினமும் தலையில் கூடையோடு எங்கள் தெருக்களுக்கு வருகிற மீன்காரம்மா. நல்ல உயரம். காதில் பெரிய தோடு. குரல் ஒரு தெருவில் புறப்பட்டால் அடுத்த தெருவில் பூனைகள் எழுந்து உட்காரும். கணவர் கடலில் மீன் பிடித்தவர், மஞ்சள்காமாலையில் இறந்துவிட்டார். மீன்காரம்மாவுக்கு முழங்கால் இரண்டும் தகராறு. காலையெல்லாம் நடந்து விற்று முடித்த பிறகு, குப்பத்துக்குத் திரும்பி நடப்பதற்கு முன் எங்காவது கொஞ்ச நேரம் உட்கார்ந்தாக வேண்டும். அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்: உட்கார நிழலில் ஓர் இடம்.

எங்கள் தெருமுனையில், மனை பிரித்தபோதே பொது இடமாக ஒதுக்கிய ஒரு காலி மனை உண்டு. ஓரத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம். மீன்காரம்மாவும் அவருடைய கூட்டாளிகளும் விற்று முடித்து அதன் கீழேதான் குந்தி, வெற்றிலை போட்டு, ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார்கள். ஒரு கட்டட முதலாளி அந்த மனையில் கடை வளாகம் கட்டப் போவதாகச் செய்தி வந்தது. தலைவர் கொதித்து எழுந்தார். மனு மேல் மனு போட்டார். ஒருநாள் காலை செங்கல் லாரி வந்தே விட்டது.

தலைவர் எங்களையெல்லாம் திரட்டிக்கொண்டு போனார். கையில் அட்டைகள். எல்லாம் ஆங்கிலத்தில். லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். நாங்கள் அட்டையைத் தூக்கிப் பிடித்தோம். அவர் மறுபடி அடித்தார். நாங்கள் கொஞ்சம் ஓரமாக நகர்ந்து அட்டையைத் தூக்கிப் பிடித்தோம். எனக்கு வியர்த்து, வயிறு கலங்கி, "செங்கல்லை இறக்கினால் ஆளுக்கு ரெண்டு எடுத்துண்டு போகலாமா?" என்று கேட்டேன். தலைவர் பார்த்த பார்வையில் செங்கல்லே வெந்திருக்கும்.

அப்போதுதான் மீன்காரம்மா வந்தார். லாரியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கூடையை இறக்கி லாரி சக்கரத்துக்கு முன்னால் வைத்தார். பக்கத்தில் தானும் குந்தினார். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகக் கூடையை வைத்துக் குந்தினார்கள்.

"யம்மோவ், எந்திரிங்க, லோடு இறக்கணும்" என்றார் டிரைவர்.

"இறக்கு நைனா, யாரு வேணாம்னது? மொதல்ல எம்மேல ஏத்து, அப்பால இறக்கு."

அட்டையோடு வாதாடலாம். கூடையோடு முடியாது. லாரி திரும்பிப் போனது. பிறகு வழக்கு, தடை, அதிகாரிகள் என்று தலைவர் விடாமல் அலைந்தார். கடைசியில் மனை பூங்கா ஆயிற்று. அந்த வெற்றியில் பாதி தலைவரின் செருப்புத் தேய்ந்ததால் வந்தது. மீதி பாதி அந்தக் கூடைகளால் வந்தது. இரண்டாவது பாதியை நாங்கள் சீக்கிரமே மறந்துவிட்டோம்.

பூங்கா அழகாக வந்தது. தலைவர் தன் கையால் மகிழமும் வேம்பும் வைத்தார். சுற்றிலும் நடைபாதை. எங்கள் ஆட்கள் அதில் பிரதட்சிணமாகத்தான் நடப்பார்கள். யாராவது எதிர்த்திசையில் வந்தால் கோயிலில் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். கம்பி வேலி வந்தது, கேட் வந்தது, காவலாளி வந்தார், கடைசியில் போர்டு வந்தது. நாய்கள் கூடாது. வியாபாரிகள் கூடாது. கூடைகள் கூடாது.

"இது பப்ளிக் பார்க் ஓய்," என்றார் தலைவர் என்னிடம். "கண்டவாளும் உள்ள வந்தா எப்படி?"

பப்ளிக் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. வாடகை தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்தது பெஞ்சுகள். நம் ஊரில் ஒரு டியூப்லைட் கொடுத்தாலும் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதினால்தான் புண்ணியம் சேரும். சிமெண்டுப் பெஞ்சுகள் ஒவ்வொன்றாக முளைத்தன. எல்லாவற்றிலும் காலமானவர்களின் பெயர். ஒரு வீட்டார் தாத்தாவின் பெயரை உட்காருகிற இடத்திலேயே பொறித்துவிட்டார்கள். தாத்தாவுக்குப் பெருமாளின் பெயர். பெருமாள் மேல் எப்படி உட்காருவது என்று ஒருவரும் உட்காராமல், அந்தப் பெஞ்சு இன்றுவரை காகங்களுக்கு. தலைவர் தன் அப்பாவின் நினைவாக ஒன்று போட்டார். எல்லாரும் பார்க்க வேண்டும் என்று திறந்த வெளியில், நட்டநடுவில் போட்டார்.

ஒருநாள் முற்பகல். காவலாளி டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், மீன்காரம்மா உள்ளே வந்து தலைவருடைய அப்பாவின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். காலடியில் கூடை. தலைவர் பார்த்துவிட்டார். அன்று நான் அலுவலகத்துக்கு லீவு. கறிவேப்பிலை வாங்கப் போய்க்கொண்டிருந்தவனைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"ஏம்மா, எழுந்திரு. மீன் நாத்தம் குடலைப் பிடுங்கறது," என்றார் தலைவர். சிலிண்டர் வாசனையே தெரியாதவர்.

"கூடை காலி பெருசு. சித்த குந்திட்டுப் பூடறேன்."

"இது எங்கப்பா பேர்ல போட்ட பெஞ்சு."

மீன்காரம்மா திரும்பிப் பின்னால் இருந்த பெயரைப் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்தார்.

"உங்கப்பாரு வந்தா எயுந்துக்கறேன்," என்றார்.

தலைவரின் காது சிவந்தது. எனக்கு வியர்த்தது. வயிறு கலங்கியது. மூன்றாவது கட்டமும் வந்தே விட்டது. "ஏம்மா, பேசாம உங்க ஆத்துக்காரர் பேர்ல நீயும் ஒரு பெஞ்சு போட்டுக்கோயேன்," என்றேன். "ராணி மாதிரி உக்காந்துக்கோ. அப்புறம் யார் உன்னை எழுப்பறான்னு பார்ப்போம்!"

சண்டை தணியட்டும் என்று சொன்னது. தலைவர் லேசாகச் சிரித்தார். மீன்காரம்மா சிரிக்கவில்லை. மெதுவாக எழுந்து, முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டு, கூடையைத் தலையில் வைத்தார்.

"மெய்யாலுமா சொல்ற அய்யரே?"

"மெய்யாத்தான்," என்றேன். பயத்தில் இருப்பவன் எதற்கும் தலையாட்டுவான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். கறிவேப்பிலையை மறந்ததற்கே ஒரு பாட்டு முடித்துவிட்டு, அவள் சொன்னாள்: "ஏன்னா, அந்த வாயை வச்சுண்டு சும்மா இருக்கவே மாட்டேளா? அந்தம்மா விளையாட்டுக்குப் பேசற ஆள் இல்லை. பார்த்துண்டே இருங்கோ."

பார்த்துக்கொண்டே இருக்க அதிக நாள் ஆகவில்லை. ஒரு விடிகாலை, நாங்கள் பயபக்தியோடு பூங்காவை வலம் வந்துகொண்டிருந்தபோது, தெருமுனையில் ஒரு சத்தம் கேட்டது. "ஏலேலோ... ஐலசா!" கடற்கரையில் கேட்டிருக்கிறேன். அடையாறு உள்தெருவில் பால் பாக்கெட் வருகிற நேரத்தில் கேட்டது அதுதான் முதல் தடவை. லுங்கியை மடித்துக் கட்டிய குப்பத்து ஆண்கள் ஒரு கூட்டமாக, தோளில் எதையோ சுமந்துகொண்டு வந்தார்கள். முன்னால் மீன்காரம்மா, சாமி புறப்பாட்டுக்கு முன்னால் வருகிற தர்மகர்த்தா மாதிரி. காவலாளி என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில் கேட்டை அகலத் திறந்து சல்யூட் வைத்துவிட்டார்.

இறக்கி வைத்தபோது பூமி அதிர்ந்தது. அது ஒரு கட்டுமரத்தின் நடுமரம். கட்டுமரம் என்பது பெரிய மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவதுதான்; கட்டை அவிழ்த்தால் தனித்தனி மரம். அந்த அம்மாவின் கணவர் கடலுக்குக் கொண்டுபோன கட்டுமரத்தில் மிச்சம் இருந்தது இந்த ஒன்று. மேல்பக்கத்தை உட்காரத் தோதாக இழைத்து, அடியில் இரண்டு குட்டை மரங்களை முட்டுக் கொடுத்து, தூங்குமூஞ்சி மரத்தின் கீழ், அவர்கள் முன்பு குந்திய அதே இடத்தில் போட்டார்கள். படகுக்கு அடிக்கிற நீல பெயிண்ட். படகில் பேர் எழுதுகிறவரே மஞ்சளில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். மேலே கணவரின் பெயர். அதன் கீழே: யாரு வேணா குந்தலாம்.

"அய்யரே!" என்று மீன்காரம்மா என்னை நோக்கிக் கையைத் தூக்கினார். "நீ சொன்னியே, போட்டுட்டேன்!"

நடந்துகொண்டிருந்த அத்தனை பேரும் நின்றார்கள். தலைவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்த ஒரு நொடியில் நான் என் பாத்திர பண்டங்களை மூட்டை கட்டி, மனைவியோடு மாட்டு வண்டியில் ஏறி, வடபழனியில் கல்யாண மண்டபத்துக்கு ஒட்டின ஏதோ ஒரு போர்ஷனில், காதுக்குள் நாதஸ்வரத்தோடு குடியேறிவிட்டேன். மாட்டு வண்டி எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். பயத்தில் டெம்போ கிடைக்கவில்லை.

"என்ன ஓய் இது?" என்றார் தலைவர்.

"பெஞ்சு சார்," என்றேன். அதற்கு மேல் உண்மையான பதில் எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

அகற்ற வேண்டும் என்று தலைவர் முடிவு செய்தார். காவலாளி தோளைக் கொடுத்துத் தள்ளினார். மரம் அசையவில்லை, காவலாளிக்குத்தான் இடுப்புப் பிடித்துக்கொண்டது. குப்பை வண்டிக்காரர்களைக் கேட்டோம். சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கிரேன் வேணும் சார்" என்று பீடி பற்ற வைத்தார்கள். மரக்கடை ஆள் ஒருவரைப் பொருளாளர் கூட்டிவந்தார். அவர் தட்டிப் பார்த்து, "துண்டு போட்டா தூக்கிடலாம்" என்றார். தலைவர் துள்ளிக் குதித்தார்.

"மரத்தை அறுக்கறதா? நான் இருக்கறவரைக்கும் இந்தப் பார்க்குக்குள்ள ரம்பம் வரப்படாது!"

அந்த மனிதரை நான் மதிக்கிற இடம் இதுதான். அந்த நீல மரத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் அதன் மேல் ரம்பம் வைக்கவும் மனசு வரவில்லை. அப்படியானால் ஒரே வழிதான். கொண்டுவந்து போட்டவர்களே எடுத்துப்போக வேண்டும்.

மாலையில் பூங்காவிலேயே குழுக் கூட்டம். மீன்காரம்மாவுக்குச் சொல்லி அனுப்பினோம், வந்தார். நீலப் பெஞ்சைச் சுற்றி எல்லாரும் நின்றோம். உட்கார அவ்வளவு நீளப் பெஞ்சு இருந்தும் ஒருவரும் உட்காரவில்லை.

"இதோ பாரும்மா," தலைவர் ஆரம்பித்தார். "இந்தப் பகுதில குடியிருக்கறவா மட்டுந்தான் பெஞ்சு போடலாம். அது விதி. நாங்கள்லாம் முப்பது வருஷமா இங்க இருக்கோம்."

"நாங்க கடலு கீற நாள்லேந்து கீறோம்," என்றார் மீன்காரம்மா. "உங்க தெரு வர்றதுக்கு மின்ன இங்க எங்க வலைதான் காஞ்சிக்கினு இருந்திச்சி."

"சரி, இருக்கட்டும். ஆனா சுத்தம்னு ஒண்ணு இருக்கோல்லியோ? நாங்க சுற்றுச்சூழலுக்காகப் பாடுபடறோம். மீன் கூடை வந்தா நாத்தம் வரும், ஈ வரும்..."

"அன்னிக்கி லாரி மின்னாடி கூடைய வெச்சமே. அப்ப நாறலையா பெருசு?"

தலைவர் இடுப்பைத் துழாவினார். பொடி டப்பாவைத் தேடினார். ஒரு பெரிய மனிதர் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது கஷ்டம். அதிலும் அவர் வீட்டில் குடியிருந்துகொண்டு பார்ப்பது இன்னும் கஷ்டம்.

அந்த இடைவெளியில் பொருளாளர் புகுந்தார். வீட்டுக்காரரிடம் நல்ல பெயர் வாங்க இதைவிட நல்ல தருணம் வருமா? "சார் சொல்றது நூத்துக்கு நூறு சரி! எங்களுக்கெல்லாம் மீன் வாசனை பட்டாலே வாந்தி வரும். நாங்க பரம்பரை பரம்பரையா..."

எதிரில் நிற்பவர் கையில் இருந்து ஞாயிறு தவறாமல் வஞ்சிரம் வாங்குகிறவர் பேசுகிற பேச்சு. அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். பின்கட்டு காலி. விசாரணை தொடர்ந்தால், தெரிந்தும் சொல்லாமல் இருந்த மாடியும் காலி. வடபழனிக்கு இரண்டு வண்டி.

மீன்காரம்மா பொருளாளரைத் தலை முதல் கால் வரை பொறுமையாகப் பார்த்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லை.

"இன்னா சாரு," என்றார், "ஊட்ல அம்மா சொகமா கீறாங்களா?"

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. பரம்பரை பரம்பரையாக என்று போய்க்கொண்டிருந்த பொருளாளர், பாதி வழியில் பிரேக் போட்டார். நெற்றியைத் துடைத்தார். பெஞ்சைத் தொட்டார்.

"...ஆனா ஒண்ணு சார். மரம் நல்ல மரம். கடல் தண்ணி குடிச்ச மரம், கரையானே வராது. இருந்துட்டுப் போகட்டுமே?"

தலைவர் அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தார். நான் பொருளாளரைப் பார்த்தேன். பொருளாளர் வானத்தைப் பார்த்தார். குழுவில் முதன்முதலாக ஒரு மாற்றுக் கருத்து. எனக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது. தைரியம் என்று நான் சொல்கிறேன், மனைவி அதை வேறு பெயரில் சொல்வாள். "எனக்கும் ஆட்சேபணை இல்லை சார்," என்றேன். சொல்லிவிட்டு, மயங்கி விழுந்தால் எந்தப் பக்கம் புல் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன்.

இரண்டுக்கு ஒன்று. வாழ்நாள் முழுக்க விதிகளோடு குடும்பம் நடத்திய தலைவர், பெரும்பான்மையை மீறக்கூடியவர் அல்ல. "மெஜாரிட்டின்னா மெஜாரிட்டிதான்," என்றார். "குந்தலாம்னு எழுதியிருக்கறதைத்தான் சகிக்கலை. போகட்டும், பெஞ்சு இருக்கலாம். ஆனா போர்டுல எழுதினது எழுதினதுதான். கூடை உள்ள வரப்படாது."

"சர்தான் பெருசு," என்று மீன்காரம்மா போய்விட்டார்.

அந்த அம்மாவின் கையில் பொருளாளரைக் கவிழ்க்கிற குண்டு இருந்தது. அதை எறியவில்லை. இருக்கிறது என்று மட்டும் காட்டினார், அதுவும் நலம் விசாரிக்கிற மாதிரி. நான் ஒரு மாதம் யோசித்தாலும் அப்படி ஒரு வாக்கியம் என் வாயில் வராது. ஜோக் சொல்கிறவன் என்று எனக்கு இருந்த கர்வம் அன்றோடு போயிற்று.

ஆனால் மீன்காரம்மாவுக்குக் கிடைத்தது என்ன? பெஞ்சு உள்ளே, கூடை வெளியே. கூடையை கேட்டுக்கு வெளியே வைத்தால் பூனையும் காக்கையும் சும்மா விடுமா? விற்காத மீன் நாலு கிடந்தாலும் அது அந்த வீட்டின் ராத்திரிச் சாப்பாடு. முற்பகலில் வருவார். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்பார். உள்ளே தன் கணவரின் மரம் நிழலில் இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். போய்விடுவார். லீவு நாட்களில் மாடி ஜன்னலிலிருந்து எனக்கு அது தெரியும். அப்போதெல்லாம் ஒரு ஜோக்கும் வராது.

பெஞ்சின் பாடு வேறு மாதிரி இருந்தது. முதலில் யாரும் கிட்டே போகவில்லை. பிறகு தபால்காரர் ஒருநாள் உட்கார்ந்தார். பெயிண்டில் போட்ட அழைப்பு அவருக்கும் பொருந்தும் என்று நினைத்திருப்பார். அப்புறம் கீரைக்கூடையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த ஒரு பாட்டி. காலேஜ் பிள்ளைகள். சிமெண்டுப் பெஞ்சுகள் பத்து மணி வெயிலுக்கே தோசைக்கல் ஆகிவிடும். இது குளிர்ச்சியாகக் கிடந்தது. என் மனைவிகூட, கோயிலிலிருந்து வரும் வழியில் உட்கார்ந்துவிட்டு வந்து, "நன்னாத்தான் இருக்கு. சாஞ்சுக்க ஒண்ணு இருந்தா இன்னும் நன்னாயிருக்கும்," என்று குறையும் சொன்னாள்.

தலைவர் மட்டும் அப்பாவின் பெஞ்சில்தான் உட்காருவேன் என்று வெயிலில் வெந்துகொண்டிருந்தார். சித்திரை பிறந்தது. அடியில் ஒரு துண்டு, தலையில் ஒரு துண்டு, அப்படியும் முடியவில்லை.

அன்று விடுமுறை நாள். வெயிலுக்கு முன் முடிக்காமல் விட்ட நடையை, மனைவியின் வற்புறுத்தலில் முற்பகலில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு திருப்பத்தில் பார்த்தால், தலைவர் நீலப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். கண் மூடி, கைகளை மரத்தின் மேல் விரித்து வைத்து, தான் வைக்காத ஒரு மரத்தை முதல் தடவையாகத் தடவிக்கொண்டிருந்தார்.

சரியாக அந்த நேரத்தில் வேலிக்கு வெளியே மீன்காரம்மா வந்து நின்றார். தலையில் கூடை.

தலைவர் கண்ணைத் திறந்தார். பார்த்துவிட்டார். காது சிவந்தது. இரண்டு கைகளையும் ஊன்றி, அவசரம் அவசரமாக எழுந்திருக்கப் பார்த்தார். முதுகு ஒத்துழைக்கவில்லை. நான் மகிழமரத்துக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றேன். பாதி என்பது மரத்தின் குறை. தலைவர் வைத்து அதிக காலம் ஆகவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"குந்து பெருசு, குந்து. எங்க ஆளு வந்தா எயுந்துக்கலாம்."

தலைவர் பாதி எழுந்த நிலையில் அப்படியே இருந்தார். பிறகு மெதுவாக மறுபடி உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராத, பல வருஷமாக வெளியே எடுக்காத சிரிப்பு. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"கேட்டைத் திற," என்றார் காவலாளியிடம்.

"சார், கூடை..." காவலாளி போர்டைக் கைகாட்டினார். "நாறும்னு நீங்கதானே..."

தலைவர் ஒரு சிட்டிகை பொடியை எடுத்து, நிதானமாக இழுத்தார். ஆழமாக மூச்சு விட்டுப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் நாறலையே," என்றார்.

கேட் திறந்தது. மீன்காரம்மா வந்து, கூடையை இறக்கி, இருவருக்கும் நடுவில் பெஞ்சின் மேலேயே வைத்தார். தன் கணவரின் மரத்தில், மறு ஓரத்தில் உட்கார்ந்தார். இரண்டு கால்களையும் நீட்டி, முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். இடுப்பிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்தார். ஒருவர் பொடி போட்டார், ஒருவர் வெற்றிலை போட்டார்.

நான் நின்ற இடத்துக்கே வாசனை வந்தது. அன்றைக்குச் சங்கரா.

அந்தக் காட்சிக்குப் பொருத்தமாக ஒரு ஜோக் என் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. நல்ல ஜோக்தான். ஆனால் அன்று எனக்குப் பயமே இல்லை, அதனால் அதற்கு வெளியே வருகிற வழி தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு, அவர்களைத் தொந்தரவு செய்யாமல், எதிர்த்திசையில் நடந்து வீட்டுக்குப் போனேன்.